முன் இடது சக்கரம்

1981ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த சரிவிலிருந்து பேரிங் வண்டியில் புறப்பட்ட ஷார்மைன் இன்னும் நிற்கவில்லை. அப்போது வயது பதினொன்று, இப்போது ஐம்பத்தைந்து. கிள்ளான் பள்ளத்தாக்கில் இது யாருக்கும் செய்தி அல்ல. கோழி விலை ஏறியது, பாலத்தடியில் தண்ணீர் தேங்கியது, ஷார்மைன் போனார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீயை ஆற்றுவார்கள்.

பேரிங் வண்டியைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்கிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அதன் அமைப்பில்தான் இருக்கிறது. ஒரு பலகை, அதன் அடியில் குறுக்கே இரண்டு கட்டைகள். பின் கட்டை ஆணியடித்து அசையாமல் இருக்கும். முன் கட்டை நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். அதன் இரு முனைகளிலும் கட்டிய கயிற்றை இழுத்தால் வண்டி திரும்பும். நான்கு முனைகளிலும் சக்கரங்களாக லோரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பேரிங்குகள். பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு எஃகு வளையங்கள், நடுவே உருண்டைகள். உள்வளையம் கட்டையோடு சும்மா இருக்கும், வெளிவளையம் தரையோடு ஓடும், இருவருக்கும் நடுவிலான சண்டையை உருண்டைகள் சுழன்று சுழன்று தீர்த்துவைக்கும். லோரிக்குத் தேய்ந்த பேரிங் பிள்ளைகளுக்குப் புதுசு. பிரேக் என்பது ஓட்டுபவரின் காலில் கிடக்கும் சிலிப்பர்.

அந்தக் காலத்தில் இதை யாரும் ஆபத்து என்று சொல்லவில்லை, ஏனென்றால் இதைவிட ஆபத்தானவை நிறைய இருந்தன. பிள்ளைகள் அம்பாங் பக்கத்தில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளில் ஆழம் தெரியாமல் குதித்தார்கள். தண்டவாளத்தில் ஐந்து காசை வைத்து ரயிலை ஏறவிட்டுத் தட்டையாக்கினார்கள். ஊர்ந்து போகும் லோரியின் பின்கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் மிதிக்காமலே மேடு ஏறினார்கள். அம்மாக்களிடம் ஒரே சட்டம்தான் இருந்தது, விளக்கு வைப்பதற்குள் வீடு. காயத்துக்கு மஞ்சள் மருந்து. மருந்து எரிகிறதென்று அழுதால் முதுகில் ஓர் அடி, அது மருந்தைவிட வேகமாக வேலை செய்தது.

வண்டியைச் செய்தவர்கள் ஷார்மைனின் அண்ணன் திமோத்தியும் பக்கத்து வீட்டு வாசுவும். இருவருக்கும் பதின்மூன்று வயது. வாசுவின் அப்பா டாக்சி வாங்கியபோது கோயிலில் பூசை போட்டு, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் ஓட்டத்தைத் தொடங்கினார். பேரிங் வண்டிக்கும் அப்படியே செய்ய வேண்டும் என்றான் வாசு. தங்கள் வீட்டுப் பலகை என்பதால் புனித நீரும் தெளிக்க வேண்டும் என்றான் திமோத்தி. இரண்டையும் செய்தார்கள். தவறு நடந்தது இங்கேதான். டாக்சி டயர் பெரியது, பழத்தின்மேல் ஏறிப் பிழிந்துவிடும். பேரிங்கின் உயரம் பழத்தின் உயரம்தான். ஏற முடியாமல் பழத்தைத் தள்ளத்தான் தள்ளும். யார் முதலில் ஓட்டுவது என்று பையன்கள் இருவரும் பயத்தை மறைத்துக்கொண்டு மரியாதையாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஷார்மைன் ஏறி உட்கார்ந்துவிட்டாள். திமோத்தி தள்ளினான். நான்கு பழங்களும் நசுங்காமல் வண்டிக்கு முன்னால் உருண்டன, வண்டி அவற்றைத் துரத்தியது, அவை சாக்கடையில் விழுந்தன. பழம் நசுங்காததால் பயணம் முறைப்படி தொடங்கவே இல்லை. தொடங்காத பயணத்தை முடிக்க வழியில்லாததால் வண்டி, மேடானாலும் பள்ளமானாலும், மணிக்கு இருபது கிலோமீட்டரில் போய்க்கொண்டே இருக்கிறது. புனித நீர் தன் பங்குக்கு அவரை எந்த லோரியிலும் மோதவிடவில்லை. இரண்டு தரப்பும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

அன்று மாலை விளக்கு வைத்த பிறகு வண்டி வீட்டைக் கடந்தபோது அம்மா கூடவே ஓடி, மடியில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றை எறிந்து, நேரத்துக்கு வராததற்காகத் திட்டினார். பிறகு அது பழகிவிட்டது. கணக்கு டீச்சர் சைக்கிளில் கூடவே வந்து பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு போலீஸ்காரர் சம்மன் கொடுக்க ஓடி, பாதியில் மூச்சு வாங்கி, அதை விசிறியாகப் பயன்படுத்தினார். இருபது வயதுக்குள் ஷார்மைன் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளின் தோசைப் பொட்டலங்களைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலைப் பிடித்துக்கொண்டார். தூக்கம் வந்தால் கயிற்றை ஒரு பக்கமாகக் கட்டிவிட்டு ஏதாவது ரவுண்டபவுட்டைச் சுற்றியபடி தூங்குவார். மற்றத் தேவைகளை எப்படிச் சமாளிக்கிறார் என்று நாகரிகம் கருதி யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் பின்னால் தொற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்க் குதித்துவிடுவார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவர் மட்டும் இறங்க முடியாது. ஒருமுறை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடை முன்னால் இறங்கிப் பார்த்தார். வண்டியோடு அவரும் நின்ற வாக்கில் அதே இருபதில் சறுக்கிக்கொண்டு போனார். சிலிப்பர் தேய்ந்து கால் சுடுவதற்குள் திரும்ப ஏறிக்கொண்டார்.

திமோத்தி ரயில்வேயில் சேர்ந்து ரயில் ஓட்டுநரானார். பிரேக்கைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தார் என்பது குடும்பத்துக்குத் தெரியும். ரயிலில் காற்று பிரேக்கை அழுத்துவதில்லை, அழுத்தாமல் விலக்கி வைத்திருக்கிறது, காற்றுப் போனால் ரயில் தானே நிற்கும் என்பதையெல்லாம் கற்றுக்கொண்டார். தங்கையின் வண்டியில் திறந்துவிட்டு நிறுத்தக் காற்று எதுவும் இல்லை என்பதையும் கற்றுக்கொண்டு, ஓய்வு பெறும்வரை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே ஓட்டினார்.

போன ஆண்டு, கிள்ளானில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் வாசு, கடை வாசலைக் கடந்த வண்டியின் சத்தம் மாறியிருப்பதைக் கேட்டார். கரகரவென்று வருவது கீச்சென்று வந்தது. முன் இடது பேரிங்கின் உருண்டைகள் தேய்ந்துவிட்டன. இதற்கும் காரணம் உண்டு. நம் நாட்டில் ரவுண்டபவுட்டை வலப்பக்கமாகத்தான் சுற்றுகிறோம். வலப்பக்கம் திரும்பும் வண்டியின் பாரம் இடப்பக்கம் சாயும், அதிலும் முன்சக்கரத்தில். பல்லாண்டுத் தூக்கத்தின் பாரம் முழுவதும் அந்த ஒரு சக்கரத்தில் இறங்கியிருந்தது. வாசு உடனே திமோத்தியைக் கூப்பிட்டார். திமோத்தியின் முகம் முதன்முறையாக மலர்ந்தது.

"பேரிங் ஜாம் ஆனா வண்டி நிக்கும் லா."

"வண்டி நிக்கும். அவ நிக்க மாட்டா," என்றார் வாசு. "தார் ரோட்டுல உட்கார்ந்த மேனிக்கே போவா. அதுக்கப்புறம் தேய சிலிப்பர் கிடையாது, டிம்."

ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை மாற்றியாக வேண்டும், அதுவும் அந்த வாரத்துக்குள். திமோத்தியின் மகள் ஏமி ஒரு நெடுஞ்சாலைக் கட்டுமானத்தில் பாதுகாப்பு அதிகாரி. நாற்காலியில் ஏறி பல்ப் மாற்றுவதற்கும் ஹெல்மெட் போடுகிறவள். கிள்ளானுக்கு அருகே இன்னும் திறக்கப்படாத, மூன்று கிலோமீட்டர் நேரான சாலை அவள் பொறுப்பில் இருந்தது. அதன் முடிவில் பாலம் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று இருந்தது. இருபது வேகத்தில் மூன்று கிலோமீட்டர் என்றால் ஒன்பது நிமிடம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று ஏமி கணக்குப் போட்டாள். முன் இடது மூலையைத் தரையிலிருந்து தூக்க, அதற்கு நேர் எதிரான பின் வலது மூலையில் பாரம் வைத்தால் போதும், மற்ற இரண்டு சக்கரங்களும் சீசா பலகையின் நடுக்கட்டை போல ஆகிவிடும் என்பதையும் அவளே சொன்னாள். பாரத்துக்கு ஒரு மணல்மூட்டை கட்டினாள். எல்லாருக்கும் பளிச்சிடும் சட்டை கொடுத்தாள்.

ஞாயிறு காலை ஷார்மைன் கீச்சிட்டுக்கொண்டே சாலைக்குள் வந்தார். திமோத்தி மோட்டார் சைக்கிளை அவருக்கு இணையாக ஓட்டினார். அதன் பக்கத்தில் பொருத்திய பலகையில் வாசு சுத்தியலும் புதுப் பேரிங்குமாகக் குப்புறப் படுத்திருந்தார்.

"என்ன வாசு, தொப்பை இடிக்குதா?" என்றார் ஷார்மைன்.

"நீ பேசாம கயித்தப் பிடி லா."

வாசு மணல்மூட்டையை வண்டியில் ஏற்றிப் பின் வலது மூலைக்குத் தள்ளினார். முன் இடது சக்கரம் தரையை விட்டு எழுந்தது. அவர் ஆணியைப் பிடுங்கினார், பழைய பேரிங்கைத் தட்டிக் கழற்றினார். அப்போதுதான், நாற்பது ஆண்டுக்கு மேலாக அதிர்ந்துகொண்டிருக்கும் பலகையின் சிலும்பு மூட்டையைக் கிழித்தது. மணல் சாலையில் கோடாக ஒழுகியது. சக்கரமில்லாத மூலை அங்குலம் அங்குலமாகத் தரையை நோக்கி இறங்கியது. கட்டை தாரில் குத்தினால் வண்டி குட்டிக்கரணம் போடும், ஷார்மைன் பாலமில்லாத பக்கம் பறப்பார்.

பாதி வழியில் சிவப்புக் கொடியோடு நின்ற ஏமி இதைப் பார்த்தாள். அவள் பயிற்சி வகுப்புகளில் இப்படிப்பட்ட நேரத்துக்கு ஒரு விதி உண்டு, விலகி நில், விசில் ஊது. அவள் விசிலை ஊதினாள். ஊதிக்கொண்டே ஓடினாள். ஊதிக்கொண்டே குதித்துப் பின் வலது மூலையில் சரியாக உட்கார்ந்தாள். முன் மூலை விருட்டென்று எழுந்தது.

"அத்தை, பெல்ட் எங்க?"

"என் இடுப்பப் பிடிச்சிக்க."

வாசு புதுப் பேரிங்கைக் கட்டையில் செருகி அடித்தார். திமோத்திக்கு முன்னால் பாலமில்லாத வெளிச்சம் தெரியத் தொடங்கியது. தன்னிடம் பிரேக் இருந்தும் அவர் அதைத் தொடவில்லை, தொட்டால் வாசுவின் சுத்தியல் தவறும்.

"ஷார், நான்தான் உன்னத் தள்ளிவிட்டேன்," என்றார் அவர், காற்றில் கேட்கும்படி.

"ஆமா. அதுக்கு என்ன?"

"உன் வாழ்க்கையே..."

"டிம், ஒரு நாளாவது நிறுத்திக் குடுன்னு உன்கிட்ட கேட்டிருக்கேனா? நீயா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா நான் என்ன பண்றது? முன்னாடி பாரு, ரோடு முடியப்போவுது."

வாசு கடைசி ஆணியை அடித்துக் கையை எடுத்தார். ஷார்மைன் கயிற்றை இழுத்தார். வண்டி விளிம்பில் ஒரு பெரிய வளைவு போட்டது, ஒரு பின்சக்கரம் காற்றில் சுழன்றுவிட்டுச் சாலைக்குத் திரும்பியது. மோட்டார் சைக்கிளும் பின்னாலேயே திரும்பியது. புதுப் பேரிங் பட்டுப்போல ஓடியது. ஏமியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விசில் எப்போதோ விழுந்துவிட்டிருந்ததால் அது சிரிப்புத்தான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

"ஏமி, போதும், இறங்கு," என்றார் திமோத்தி.

"இன்னும் ஒரு ரவுண்டு, டாடி."

ஒரு ரவுண்டு நான்கு ரவுண்டானது. மூன்றாவது ரவுண்டில் வாசுவும் ஏறிக்கொண்டார். அதன் பிறகு திமோத்தி மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, ஓடிவந்து, முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே ஏறினார். நான்கு பேரின் பாரத்திலும் வேகம் இருபதிலிருந்து இறங்கவில்லை.

இப்போது ஏமி வேலைக்கு அத்தையோடுதான் போகிறாள். தோசைப் பொட்டலங்கள் மடியில் இருக்கும், ஹெல்மெட் தலையில் இருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது, காரில் போனாலும் நெரிசலில் அவ்வளவுதான். வேலையிடத்தில் அவள் குதித்து இறங்குவதற்காக ஆட்கள் தினமும் ஒரு மணல்குவியலைக் கிளறி வைக்கிறார்கள், கெட்டிப்பட்ட மணல் முழங்காலுக்கு ஆகாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். மழை நாட்களில் மட்டும் ரயிலில் போகிறாள், ஏனென்றால் வண்டியில் குடை ஒன்றுதான் இருக்கிறது.