கோளாறு லென்ஸில்தான்

மைக்ராஸ்கோப் மங்கலாகத் தெரிகிறது என்று முதலில் சொன்னது என் மனைவி. கோளாறு லென்ஸில்தான், கண்ணில் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னது நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். விட்டால் பிற்பாடு பழியை அவள் தலையில் கட்டப் பார்ப்பேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

அவள் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவள். மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்கான ஸ்லைடுகளைச் செய்வது அவள் வேலை. ஈரல், குடல், நாக்கு என்று உடம்பின் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு துணுக்கை எடுத்து, மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவாள். ஓய்வு பெற்ற அன்று, அங்கே மூலையில் போட்டுவைத்திருந்த ஒரு பழைய மைக்ராஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே, தன் கையால் செய்த நூறு ஸ்லைடுகள் அடங்கிய மரப்பெட்டி. மைக்ராஸ்கோப் ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பழைய ரகம். குதிரை லாடம் போல அடிப்பாகம், கறுப்பு எனாமல், பித்தளைக் குழாய். விளக்கு கிடையாது, அடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும், அது ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும். தினமும் காலையில் வேலையெல்லாம் முடித்துவிட்டு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பாள். அதில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்டதில்லை.

நான் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். மூக்கின் மேல் கோபம், நாக்கில் நக்கல். அவளைப் 'புரொஃபசர்' என்று கூப்பிடுவேன். அவள் வேலையைப் பற்றி எனக்கு மொத்தமாகத் தெரிந்தது, வீட்டுக்கு வரும்போது கையில் மருந்து நாற்றம் அடிக்கும் என்பது மட்டும்தான்.

"ஏங்க, இது என்னமோ மங்கலா இருக்கு. நடுவுல ஒரு கறை மாதிரி" என்றாள் ஒரு நாள்.

நான் குனிந்து பார்த்தேன். எனக்கும் மங்கலாகத்தான் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால் அன்றைக்கே அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகக் கை நமநமத்துக்கொண்டிருந்தவனுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு மெஷின் பழுது என்றால் கேட்க வேண்டுமா? பழைய வேட்டியை மேஜையில் விரித்து, ஸ்க்ரூடிரைவர்களை வரிசையாக அடுக்கிவிட்டேன்.

போனில் விஷயத்தைக் கேட்ட மகள், "அப்பா, எதுக்கும் அம்மா கண்ண ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்" என்றாள்.

"உங்கம்மா கண்ணு கழுகுக் கண்ணு. என் சட்டையில ஒரு புள்ளி எண்ணெய் இருந்தா தெருமுனையிலேயே கண்டுபிடிச்சுடுவா. இது அம்பது வருஷத்து அழுக்கும்மா. நீ பேசாம இரு."

"ஒரு தடவ காட்டுறதுல என்னப்பா குறைஞ்சுபோகுது?"

"மெஷினப் பத்தி எனக்குச் சொல்லித்தரியா?" என்று போனை வைத்துவிட்டேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். தேடிய இடத்திலெல்லாம் ஒரு குற்றவாளி கிடைத்தான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண் வைக்கிற லென்ஸின் உள்பக்கம் பூஞ்சை, வேர் விட்ட மாதிரி படர்ந்திருந்தது. துடைத்தேன். அடியில் இருந்த வட்டக் கண்ணாடியில் ரசம் போயிருந்தது. புதிதாக ஒன்றை வெட்டி வாங்கிவந்து பொருத்தினேன். குழாயை ஏற்றி இறக்கும் பல்சக்கரத்தில் கிரீஸ் பச்சைக் கோந்தாக இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்துப் புது கிரீஸ் வைத்தேன். குழாய் தன் பாரத்தில் தானே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிடிமானத்தையும் இறுக்கினேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பேன். "இப்ப பரவால்ல" என்பாள். எனக்குத் தலைகால் புரியாது.

கறை மட்டும் போகவில்லை என்றாள். அதற்கு ஒரு சின்ன சோதனை உண்டு. கண் லென்ஸைத் திருகினால் கறையும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றினால் அழுக்கு அந்த லென்ஸில். ஸ்லைடை நகர்த்தினால் கறையும் நகர வேண்டும். நகர்ந்தால் அழுக்கு ஸ்லைடில்.

"நான் திருகறேன். கறை சுத்துதா?"

"இல்ல."

"இப்ப ஸ்லைடை நகத்தறேன். கூடவே நகருதா?"

"இல்லங்க. அப்படியே நிக்குது."

"அப்படின்னா அடி லென்ஸ்தான். மாட்டுனான் திருடன்!"

அழுக்கு இருக்கக்கூடிய இடங்களை அப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். அவள் கண்ணை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. எப்போதும் வலது கண்ணால்தான் பார்ப்பாள். இடது கண்ணால் ஒரு தடவை பாரேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். முப்பது வருஷம் மெஷின்களின் கோளாறைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு அந்த ஒரு வார்த்தை தோன்றவில்லை.

குழாயின் கீழ்முனையில் இருக்கும் அடி லென்ஸைக் கழற்ற அதற்கென்று தனிச் சாவி வேண்டும். கடையில் கிடைக்கவில்லை. பழைய ரம்பத் தகட்டை அரத்தால் ராவி, இரண்டு முனை விட்டு, நானே ஒன்று செய்தேன். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. உள்ளே பார்த்தால் காய்ந்துபோன எண்ணெய், பழுப்பாக, ஓடு கட்டிக்கொண்டு. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். ஊதுகுழலால் தூசியை ஊதி, மெல்லிய தாளை மருந்தில் நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டம் வட்டமாகத் துடைத்து எடுத்தேன். எனக்கு இப்போது பளிச்சென்று தெரிந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"கறை போச்சா?"

அவள் ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். பிறகு, "போச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் கொண்டாட்டம்தான். நான் சரிசெய்த மெஷின் ஓடுவதைப் பார்க்கிற ஆசையில் தினமும் அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். பெட்டியிலிருந்து ஸ்லைடு எடுப்பதும், மேடையில் வைத்துத் திருகிச் சரிசெய்வதும் என் வேலை. "நம்பர் சொல்லுங்க" என்பாள். காகித லேபிள் உரிந்துவிடும் என்று ஒவ்வொரு சில்லின் ஓரத்திலும் வைரமுனைப் பேனாவால் எண்ணைக் கீறிவைத்திருந்தாள். எந்த எண் எது என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. நான் எண்ணைச் சொல்வேன். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே விளக்குவாள். இது சிறுநீரகம், இங்கே நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கிறதே, அதில்தான் ரத்தம் வடிகட்டப்படுகிறது. இது எலும்பு, வெட்டிய மரத்தில் வளையம் வளையமாக இருக்குமே, அப்படி. அவள் நகர்ந்ததும் நான் பார்ப்பேன். சொன்னது சொன்னபடி இருக்கும்.

"ஏன் புரொஃபசர், இதையெல்லாம் இத்தன வருஷமா நீதான் சீவிக்கிட்டிருந்தியா?"

"பின்ன, நீங்களா சீவுனீங்க?" என்று சிரிப்பாள்.

அந்த நாட்களில் அவள் டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். கவனம் எங்கே, லென்ஸிலா என்று கிண்டல் செய்தேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். செய்தித்தாளை மடித்து என்னிடம் கொடுத்து, நீங்களே படியுங்கள், தினமும் அதே கதைதான் என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருந்தேன்.

அன்று நான் எடுத்த ஸ்லைடில் எண்பத்தொன்று என்று இருந்தது. வைத்துத் திருகினேன். எனக்கு ஒரு பக்கம் ரம்பப் பல் மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது.

"நம்பர்?"

"எம்பத்தொண்ணு."

"ஓ, நுரையீரல்" என்று குனிந்தாள். "பாத்தீங்களா, பூரா ஓட்டை ஓட்டையா, சல்லடை மாதிரி? ஒவ்வொண்ணும் ஒரு காத்துப்பை. சுவரு எவ்வளவு மெல்லிசு பாருங்க. இத கிழியாம சீவறதுக்குள்ள உசுரு போயிடும். எவ்வளவு தெளிவா இருக்கு! உங்க கைக்கு மோதிரந்தான் போடணும்."

நான் மறுபடி பார்த்தேன். சல்லடை இல்லை, ரம்பப் பல்தான் இருந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். நான் ஸ்லைடைப் பெட்டியில் வைக்கப் போனேன். எண்பத்தொன்றாம் பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்லைடு இருந்தது.

அதை உருவிப் பார்த்தேன். 81 என்றுதான் இருந்தது. கையில் இருந்ததைப் பார்த்தேன். அதிலும் 81. பெட்டியில் காலியாக இருந்தது பதினெட்டாம் பள்ளம். கையில் இருந்ததைத் திருப்பினேன். 18. நான் ஸ்லைடைக் கவிழ்த்துப் பிடித்து, கண்ணாடியின் பின்பக்கத்திலிருந்து எண்ணைப் படித்திருக்கிறேன். அப்படிக் கவிழ்த்தேதான் மேடையிலும் வைத்திருக்கிறேன்.

உண்மையான எண்பத்தொன்றை வைத்துப் பார்த்தேன். பூரா ஓட்டை, சல்லடை, மெல்லிய சுவர். அவள் சொன்னதில் ஒரு எழுத்து பிசகவில்லை.

உள்ளே அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையால் தடவித் தடவி ஓரத்தோடு ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தாள். இப்படித் தடவி மடிப்பதை எத்தனை நாளாக நான் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

"நான் எம்பத்தொண்ணு வைக்கலம்மா" என்றேன். "பதினெட்ட கவுத்து வச்சிட்டேன்."

அவள் கை நின்றது. "பதினெட்டு நாக்கு" என்றாள்.

"உனக்கு என்ன தெரிஞ்சுது?"

"வெளிச்சம். ஓரத்துல மட்டும். நடுவுல ஒண்ணும் இல்ல."

"எப்பலேருந்து?"

"வலது கண்ணு, மொதல்ல கறைன்னு சொன்னேனே, அன்னிக்கே. இடது கண்ணு இப்ப ஒரு மாசமா."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டில் கதவு திறந்த சத்தம் மட்டும் கேட்டது. பயத்தில் எனக்கு அப்படித்தான் வரும். நான் கத்தி முடிக்கிறவரை அவள் காத்திருந்தாள்.

"மொதல்ல நானும் நம்புனேங்க" என்றாள். "லென்ஸாவே இருந்துட்டா நல்லாருக்குமேன்னு இருந்துச்சு. நீங்க லென்ஸைத் திருகி, கறை சுத்துதான்னு கேட்டீங்கல்ல, அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. கறை என் கண்ணு போற பக்கமெல்லாம் கூடவே வந்துச்சு. எத்தன பசங்களுக்கு நானே அந்த சோதனைய சொல்லிக்கொடுத்திருக்கேன். டாக்டர்கிட்ட போனா என்ன சொல்லுவாங்களோன்னு பயம். நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க ஸ்டூலைப் போட்டு உக்காந்து, இது என்ன, அது என்னன்னு கேக்க ஆரம்பிச்சுட்டீங்க."

"அதுக்கு?"

"முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள் கேட்டதில்லயே. சொன்னா அதுவும் நின்னுடும்னு தோணுச்சு. இன்னிக்கு ஒரு நாள், இன்னிக்கு ஒரு நாள்னு தள்ளிட்டேன்."

அவள் மடித்த துணிகள் மேலேயே உட்கார்ந்து அழுதேன். எழுந்திருங்க, கசங்குது என்றாள்.

மறுநாள் காலை முதல் ஆளாகக் கண் மருத்துவமனையில் உட்கார்ந்தோம். டாக்டர் எங்கள் மகளைவிடச் சின்னப் பெண். சொட்டு மருந்து விட்டு, ஒரு கருவியின் முன் அவள் மோவாயை வைக்கச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்திலும் என் பாழாய்ப்போன கண் அந்தக் கருவியின் திருகாணி எவ்வளவு வழவழவென்று ஓடுகிறது என்று பார்த்தது. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"வலது கண்ணுல உள்ள ரத்தம் கசிஞ்சு தழும்பாயிடுச்சும்மா" என்றார் டாக்டர். "அதுல இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. இடது கண்ணுக்கு ஊசி போடலாம். மிச்சம் இருக்கறத காப்பாத்தப் பாக்கலாம். போன பார்வை திரும்ப வராது. எப்ப ஆரம்பிச்சது இது?"

"ஒரு பத்து பதினஞ்சு நாள் இருக்கும், டாக்டர்" என்றாள் என் மனைவி. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "சொன்ன உடனே இவர் கூட்டிட்டு வந்துட்டார்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பதினஞ்சு நாள்ல இந்த அளவுக்குத் தழும்பு வராது. கறை தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா ரெண்டு கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம். உண்மையா எவ்வளவு நாளாச்சு?"

அவள் என் கையை அழுத்தினாள், பேசாதீர்கள் என்கிற மாதிரி.

"நாலு மாசம்" என்றேன்.

"நாலு மாசமா என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?"

"லென்ஸ் தொடச்சிட்டிருந்தேன்" என்றேன்.