பால்மாப் பேணியில் பாலை

அறையில் இருந்தவர்கள் ஓய்வுபெற்ற வாத்தியார் தியாகராசா, அவருடைய மனைவி சரோஜினிதேவி, வீட்டுக்காரர் மக்கீன், பிறகு, சேர்ப்பதா விடுவதா என்று இரண்டு வருடமாகத் தெரியாத மகன் சிவமணி, அவனுடைய நீலச் சட்டை மட்டும் ஆணியில் தொங்கியது... கதவு வழக்கம்போலச் சும்மா சாத்தியிருந்தது. பூட்டுவதில்லை, திறப்புச் சாவி உட்பக்கத்துப் பூட்டிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. முடி வெட்டப் போன மகனைக் கொழும்புக் காலி வீதியில் சலூன் வாசலில் வைத்து யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கண்டவர்கள் சொன்னார்கள், அவனுக்குத் தெரிந்த ஒரே விலாசம் வெள்ளவத்தையில் இந்த மாடியறை, எந்த நேரம் வந்தாலும் தள்ளினால் திறக்க வேண்டும், இது சரோவின் கட்டளை. அதனால் போன கிழமை விடியப்புறம் தமிழரைப் பிடித்து ஊருக்கு அனுப்ப வந்த பொலிஸ்காரருக்கும் தட்டுகிற சிரமம் இருக்கவில்லை. "எத்தன தரம் செல்ற மாஸ்டர், கதவப் பூட்டுங்க, இன்னொருக்கா வந்தா என்னால ஒண்டும் செய்ய ஏலா" என்றார் மக்கீன். அன்றைக்குச் சரோவுக்கு முக்காடு போட்டுத் தன் மனைவி நளீபாவின் அக்கா என்று காட்டியவர் அவர்தான். தியாகராசாவுக்கு முக்காடு பொருந்தாது. கொழும்பில் என்ன அலுவல் என்று கேட்டார்கள், மகன் வருவான் என்றார், அது ஒரு காரணமா, பஸ்ஸில் ஏற்றி வடக்கே வவுனியாவில் கொண்டுபோய் இறக்கினார்கள், நீதிமன்றம் தடுத்த பிறகு திரும்ப ஏற்றிக்கொண்டு வந்ததும் அதே மாதிரி ஒரு பஸ்தான்.

அங்கேதான் பாலைப்பழம். தெருவோரத்தில் சாக்கு விரித்து ஒருத்தி விற்றாள், மஞ்சளாய், விரல்நுனி அளவில்... மாங்குளத்துக் காட்டில் சின்ன வயதில் தின்றதற்குப் பிறகு கண்ணிலும் படவில்லை, வாயில் போட்டதும் பால் உதட்டை ஒட்டியது, அப்போதும் இப்படித்தான், ஒட்டின வாயோடு வீட்டுக்குப் போனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, போகிற இடமெல்லாம் காரணம் சொல்ல வேண்டிய மனிதனுக்கு இதைவிட நல்ல பழம் உண்டா... தின்று முடிக்கும்வரை மகன் நினைவு வரவேயில்லை. வெட்கமாக இருந்தது. கொட்டைகளைத் துப்பாமல் சட்டைப் பைக்குள் போட்டார், ஏன் போட்டார்? மிச்சப் பழம் பையில் நசிந்து வந்து சேர்ந்தது. சரோ ஒன்று தின்றாள். மக்கீன் நாலைந்தை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு உதட்டைப் பிரிக்கப் பாடுபட்டார். "கதவுக்குப் போடச் சென்ன பூட்ட என்ட வாய்க்குப் போட்டுட்டீங்களே மாஸ்டர்." சிரித்துக்கொண்டே கீழே போனார்.

வெறும் பால்மாத் தகரப் பேணியை எடுத்து அடியில் ஆணியால் துளை போட்டார் தியாகராசா.

"இஞ்சேருங்கோ, என்னத்துக்கு அது?"

"கொட்டையை நடப்போறன். யன்னல் கட்டில நல்ல வெயில்தானே."

"பேணிக்க காய்க்குமே?"

"முளைச்சாப் பிறகு கீழ மாத்தலாம். மக்கீன் ஓம் எண்டுவார்."

"எப்ப காய்க்கும்?"

வகுப்பில் கேட்ட கேள்விக்குச் சொல்வதுபோல யோசிக்காமல் சொன்னார். "பதினைஞ்சு இருபது வருசம் செல்லும். பாலை மெள்ளத்தான் வளரும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சரோ நீலச் சட்டையைப் பார்த்தாள். "அப்ப அவன் வரமாட்டான் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது."

இல்லை என்று சொல்லலாம், வாய் இப்போது ஒட்டியா இருக்கிறது... அவன் வந்த அடுத்த நாளே மூன்று பேருமாக ஊருக்குப் போய்விடுவது என்றுதானே இவ்வளவு நாளும் பேச்சு, அடுத்த நாள் போகப்போகிறவன் மரம் நடுவானா, எப்போது விட்டுப்போனது அந்த நம்பிக்கை, பஸ்ஸிலா, அந்தச் சாக்குக்கு முன்னாலா, இல்லை அதற்கும் வெகு முன்னமேயா, இந்தக் கைக்குத் தெரிந்தது தனக்கு ஏன் தெரியவில்லை...

"மண் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார்.

"போங்கோ." குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பேணியோடு படியில் கால் வைத்தார். பின்னால் கதவு சாத்துப்பட்டது. பிறகு பூட்டுக்குள் அந்தத் திறப்பு துருவில் சிக்கி, முரண்டு பிடித்து, திரும்பியது.