பார்க்கும்போது அசையாதவை

ஆதம்பாவாவின் வீட்டில் மருமகன் முனீப்புக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பது இந்தப் பக்கத்து வழமை. மூதூரிலிருந்து ஒரு பெட்டியோடும் கணினியோடும் திருகோணமலைக்கு வந்தவனை, மாமி ஆமினா உம்மா சோற்றாலேயே கட்டிப்போட்டுவிட்டார். பொரித்த மீனில் பெரிய துண்டு அவனுக்கு. தும்மினால் கொத்தமல்லித் தண்ணீர். கதிரையை விட்டு எழும்பினால், "எங்க மகன் போறீங்க?" சிறைக்காவலன் என்றால் திட்டித் தீர்க்கலாம், அன்பு காட்டுகிறவர்களை என்ன செய்வது?

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. வருவதா இல்லையா என்று அன்று பின்னேரம் அலுவலகம் பூட்டுமுன் சொல்லவேண்டும். மனைவி ஷிஃபானாவிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை. பிறந்த வீட்டை விட்டு அவளாவது, வருவதாவது! போதாததற்கு மாமா மகளுக்காக மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார். கொங்கிறீட் போடுவதும் அன்றைக்குத்தான். மாடி முடிந்தால் தன் கதையும் முடிந்தது என்று முனீப் நினைத்தான்.

அந்த வேலையை வாங்கித் தந்ததே கணினிக்குள் அவன் வளர்த்த பூச்சிகள்தான். உண்மையான பூச்சிகள் அல்ல. தம்மைத் தாமே பிரதியெடுத்துப் பெருகும் சின்னச் சின்ன நிரல்கள். பிரதியெடுக்கும்போது எங்காவது ஒன்று பிசகும். அந்தப் பிசகில் புதுக் குணம் பிறக்கும். அவனுக்கு வேண்டியவை மெதுவாகப் பெருகுபவை. ஆகவே புதிதாகப் பிறக்கும் ஒவ்வொன்றையும் தனியிடத்தில் விட்டுச் சோதிப்பான். வேகமாகப் பெருகினால் அழித்துவிடுவான். போகப்போகச் சோதனையில் எல்லாம் நல்ல பிள்ளைகளாகத் தேறின. ஆனால் தேறியவற்றை வெளியே விட்டால், அங்கே கூட்டம் ஈசல்போலப் பெருகிக்கொண்டே போனது.

அன்று காலைதான் காரணம் பிடிபட்டது. சோதிக்கும் இடம் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததால் பூச்சிகள் அதை அடையாளம் பிடித்துவிட்டன. அங்கே செத்ததுபோலக் கிடப்பதும், வெளியே விட்டதும் கும்மாளம் போடுவதும்! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அங்கே அசையாமல் கிடந்தவை தப்பின, அசைந்தவை ஒழிந்தன, அவ்வளவுதான்.

"ஷிஃபானா, இஞ்ச வந்து பாரு இந்தக் கள்ளனுகள! நான் பாக்கக்குள்ள மட்டும் நல்ல பிள்ளைகள்."

அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை. "உயிருக்குப் பயந்தா அதுகளும் என்ன செய்யும்?" என்றாள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்திலிருந்து மாமா கூப்பிட்டார். எல்லோரும் போனார்கள். மேசன்மார் கலவை மெஷினைச் சுற்றி நின்றார்கள்.

"மேல ரெண்டு அறை மகன், துறைமுகம் பாத்தமாதிரி யன்னல். வேணாமெண்டா இப்ப சொல்லுங்க. ஊத்தினாப் பிறகு மாத்த ஏலாது. உங்களுக்குச் சம்மதம்தானே?"

கொழும்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் மாமி பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் மாமா. நல்ல சந்தோஷம்."

சொன்ன நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது. மெஷின் இரைந்தது. கலவை வாளி வாளியாக மேலே போனது.

அவன் உள்ளே போனபோது, குசினிக்குள் அடுப்பருகே ஷிஃபானா அழுதுகொண்டிருந்தாள்.

"நான் வேணா எண்டு சொல்ல வாயெடுத்தனான். நீங்க முந்திட்டீங்க."

"நீ ஏன் வேணாங்கிறாய்?"

"எனக்கு இந்த வீட்டில மூச்சு முட்டுது. கலியாணம் முடிச்சா எங்கயாவது போகலாம் எண்டிருந்தன். வந்தவர் உம்மாக்கு மகனாகிட்டார். உங்கட முகத்தில ஒரு நாளும் ஒரு குறை கண்டதில்லையே!"

அவன் கொழும்பு வேலையைப் பற்றி ஒரே மூச்சில் கொட்டினான். உன் முகத்தைப் பார்த்துத்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றான். அவள் அவனுடைய கையை இறுகப் பிடித்தாள்.

"இப்பவே வாங்க. வாப்பாட்ட சொல்லுவம்."

திரும்பினால் வாசலில் மாமி, கையில் தேத்தண்ணீர்த் தட்டோடு.

"என்ன மகள், கண்ணெல்லாம் கலங்கிக் கிடக்கு?"

ஷிஃபானாவின் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. "மாடி வாற சந்தோஷம் உம்மா."

மாமி முனீப்பைப் பார்த்தார்.

"ஓம் மாமி," என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ்!" மாமி கதிரையை இழுத்து இருவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்து, மேலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று தொடங்கினார். சட்டைப்பையில் இருந்த கைப்பேசியை அவர் முன்னால் எடுக்க முனீப்புக்குக் கை வரவில்லை. கொழும்பில் அலுவலகம் பூட்டி வெகுநேரமாகியும் மாமி எழும்பவில்லை.