பத்தடி நடை

படகில் கடல் நடுவுக்குப் போய்க் கரையைத் திரும்பிப் பார்க்க, தலைக்கு முந்நூறு ரூபாய். அந்த ஒரு காட்சிக்காகத்தான் பாத்திரக்கடைக்காரரின் மனைவி இந்த ஒருநாள் பயணத்துக்கே ஆசைப்பட்டாள். அடுத்த வாரம் அவளுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை. "அதுக்கு முன்னாடி எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்ற மருத்துவர், பின்னாடியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பஸ்ஸிலேயே கணவர் பாடம் எடுத்துவிட்டார். "ஆசையை மூஞ்சில காட்டிடாத. காட்டினா விலை ஏறிடும்."

வாடகைக் குடையின் கீழ் சாய்ந்து அலையை வேடிக்கை பார்த்து, சோடா குடித்து, நாலு மணிக்குப் படகுத்துறைக்கு வந்தார்கள். கடைசிப் படகு. இரண்டே இடம் பாக்கி.

"ரெண்டு பேருக்கும் சேத்து நானூறு" என்றார் கணவர்.

"கட்டாது முதலாளி."

"இவளைப் பாருய்யா. டாக்டருங்க அறுத்தது போக பாதிதான் மிச்சம் இருக்கா. அரை டிக்கெட் போடு."

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"எடைக்குப் போட இதென்ன பழைய பித்தளையா? ஐநூறு. அதுக்குக் கீழ இல்ல" என்றார் படகுக்காரர்.

அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு நின்றாள்.

"வா போகலாம்." கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கணவர் நடந்தார். கடைவீதிக்கே உரிய நடை அது. திரும்பிப் பார்க்காமல் பத்தடி வைத்தால், விற்கிறவன் கூப்பிட்டே தீருவான். முப்பது வருஷமாய்க் கல்லாவிலிருந்து அவரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆறாவது அடியில் அவள் முனகினாள். "ஏங்க, நூறுதானே, குடுத்துடலாமே."

"வாயை மூடு. கூப்பிடுவான் பாரு."

பத்தாவது அடியில் கேட்டது மோட்டார் சத்தம். திரும்பினால், அவர்கள் இடத்தில் ஒரு புது ஜோடி உட்கார்ந்திருந்தது.

"யோவ், கூப்பிட மாட்டியா?" என்று கத்தினார் கணவர்.

"அம்மா மூஞ்சில ஆசையே காணோமே! சும்மா விலை கேக்க வந்தீங்கன்னு நெனச்சேன்!"

திரும்பும் பஸ்ஸில் கணவர் பாக்கெட் நோட்டை எடுத்தார். "போக வர பஸ் நூத்தி அறுபது, குடை நாப்பது, சோடா முப்பது. ஏறாத படகுல ஐநூறு மிச்சம்."

"அதை மிச்சத்துல எழுதாதீங்க."

"பின்ன எதுல எழுதறது?"

"வராக்கடன்ல."

நல்ல ஜோக் என்று சிரித்துக்கொண்டே எழுதி முடித்தார். செலவு இருநூற்று முப்பது. மிச்சம் ஐநூறு. பாக்கி இல்லை.