மன்னிக்காதே என்றொரு அலாரம்

தினமும் காலையில் தெல்மாவின் கைப்பேசி அலறும். திரையில் அவளே எழுதிவைத்த வரி ஒளிரும்: ‘சிஜோவை மன்னிக்காதே.’

சிரிக்க வேண்டாம். மற்றவர்களுக்குப் பகை தானாக ஊறும்; தெல்மாவுக்கு அதையும் ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கப்போனவள் காலையில் எழுந்து பால்காரனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். அவள் தலை அப்படி. அடுப்பில் பொங்கும் பால், பக்கத்து வீட்டு ரேடியோ, பாதி மடித்த துணி, நேற்று யாரோ சொன்ன ஒரு வார்த்தை எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே முண்டியடிக்கும். எதற்கும் உட்கார இடம் கிடைக்காது. முப்பத்து நான்கு வயதில் கோட்டயத்து டாக்டர் இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்த அன்று அவள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். சோம்பேறி, பொறுப்பில்லாதவள், மறை கழன்றவள் என்று அதுவரை வாங்கிய பட்டமெல்லாம் பொய் என்று தெரிந்த நிம்மதியில் வந்த அழுகை அது.

அதற்கப்புறம் தன் தலையோடு குடும்பம் நடத்தக் கற்றுக்கொண்டாள். கண்ணில் படாத பொருள் அவளைப் பொறுத்தவரை உலகத்திலேயே கிடையாது, அதனால் வீட்டு அலமாரிகளின் கதவையெல்லாம் கழற்றிப் போட்டாள். ஸ்கூட்டர் சாவியைச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்தாள். வீடு பெருக்க வேண்டுமென்றால் துபாயில் இருக்கும் சிநேகிதிக்கு வீடியோ போடுவாள். அவள் அங்கே பாத்திரம் தேய்க்க, இவள் இங்கே பெருக்குவாள். தனியாக என்றால் விளக்குமாற்றைப் பிடித்தபடி பழைய ஆல்பம் பார்க்க உட்கார்ந்துவிடுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் வைத்திருந்தாள். கண்ணில் பட்ட வேலையை அப்போதே முடி, முடித்ததும் ஒரு போட்டோ எடு.

இந்தச் சட்டத்தின் தயவில்தான் பாலா டவுனில் குரியச்சனின் கல்யாண ஏற்பாட்டு ஆபீஸில் அவள் நல்ல பெயர் எடுத்திருந்தாள். கூட்டமும் குழப்பமுமான ஒரு கல்யாண வீட்டில் அவளைவிட வேகமாக ஓடும் தலை வேறு யாருக்கும் இல்லை. மணப்பெண் வீட்டார் அவளைக் கேட்டுத்தான் வருவார்கள். மேனேஜர் சிஜோவுக்கு அது பொறுக்கவில்லை.

சிஜோவிடம் மாத்திரை விஷயத்தை நம்பிச் சொன்னாள். அவள் செய்த முட்டாள்தனம் அது ஒன்றுதான். அன்றிலிருந்து மேஜைமேல் வைத்த மூக்குக்கண்ணாடி கழிவறை ஜன்னலில் கிடக்கும். சாவி பூச்செண்டுக்குள் இருக்கும்.

“சேச்சி, இன்னிக்கு எதைத் தொலைச்சீங்க? தலை கழுத்து மேலதான் இருக்கா, ஒருதரம் தொட்டுப் பாத்துக்குங்க!” என்பான் சிஜோ.

ஆபீஸே விழுந்து விழுந்து சிரிக்கும். தெல்மாவும் சேர்ந்து சிரிப்பாள். தப்பு தன்மேல்தான் என்று நம்புகிறவள் வேறென்ன செய்வாள்? வீட்டுக்குப் போய் அழுவாள், மாத்திரையைக் கூட்டச் சொல்லி டாக்டரைக் கெஞ்சுவாள்.

கடைசியில் அமெரிக்காவில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கல்யாணம் வந்தது. தெல்மா ஏற்றிவைத்திருக்க வேண்டிய மணப்பெண்ணின் செருப்புப் பெட்டி வேனில் இல்லை. அந்தப் பெண் வெள்ளை கவுனுக்கு அடியில் யாரோ கழற்றிக் கொடுத்த ரப்பர் செருப்போடு பீடத்துக்கு நடந்தாள். எல்லாப் போட்டோவிலும் அழுத முகம். குரியச்சன் மறுநாளே தெல்மாவைக் கல்யாண வேலையிலிருந்து எடுத்து, நாற்காலியும் அண்டாவும் அடுக்கிக் கிடக்கும் குடோனுக்கு அனுப்பிவிட்டார்.

சில மாதம் கழித்து, கைப்பேசியில் இடமில்லை என்று பழைய போட்டோக்களை அழித்துக்கொண்டிருந்தபோது அது அகப்பட்டது. வேனின் முன்சீட்டில் செருப்புப் பெட்டி. அவள் வைத்திருக்கிறாள். வைத்துவிட்டுப் போட்டோவும் எடுத்திருக்கிறாள். அன்றைக்கு அந்த வேனை ஓட்டியவன் சிஜோ. அப்படியானால் மூக்குக்கண்ணாடி? சாவி? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரண்டு வருஷமாக இவன் தன் சாமான்களை மட்டுமா இடம் மாற்றினான்? தன் தலையைத் தானே நம்ப முடியாதவளாக அல்லவா ஆக்கிவைத்தான்!

போட்டோவை எடுத்துக்கொண்டு குரியச்சனிடம் ஓடினாள். சிஜோ எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான்.

“இது வேற கல்யாணத்து செருப்பு, சேச்சி. உங்களுக்கு எது எதோடதுன்னே ஞாபகம் இல்ல, பாவம்.”

“போன கதைய ஏம்மா கிளறுறே? போய் வேலையப் பாரு” என்றார் குரியச்சன், போட்டோவின் தேதியைக்கூடப் பார்க்காமல்.

அன்றுதான் அந்த அலாரத்தை வைத்தாள். சம்பளமோ பழைய வேலையோ அப்புறம். இவன் வாயாலேயே, குரியச்சன் காதுபட, உண்மை வெளியே வர வேண்டும். அது வரைக்கும் இவன்மேல் இருக்கும் கோபம் ஆறிவிடக் கூடாது.

ஈஸ்டர் கழிந்து சிஜோவுக்கே கல்யாணம் நிச்சயமானது. பெண் ரின்ஸி, பள்ளிக்கூட டீச்சர். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் மந்திரகோடிச் சேலை கடையிலிருந்து நேராகக் குடோனுக்கு வந்து இறங்கியது. மறுநாள் ஓரம் அடிக்கத் தையல்காரரிடம் போக வேண்டும். தெல்மா பெட்டியைத் திறந்தாள். கை பழக்கத்தில் ஓடியது. சேலையின் முனையிலிருந்து ஏழு இழை உருவி, முறுக்கி, கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அந்த நூலில்தான் மின்னு என்கிற தாலியைக் கோர்த்துக் கழுத்தில் கட்ட வேண்டும். ஓரம் அடித்துவிட்டால் இழை உருவ வராது, துண்டு துண்டாக அறும். அதனால் முன்பெல்லாம் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சேலை வந்த அன்றே அவள் இந்த வேலையை முடித்துவைப்பாள்.

முறைப்படி இதை மாப்பிள்ளையின் சகோதரிதான் செய்ய வேண்டும். சிஜோவின் அக்கா கனடாவிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள். சிஜோ குடோன் வாசலில் நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான்.

“நூலா? அதெல்லாம் ரெடியா வரும்க்கா. நான் எத்தனை கல்யாணம் பாத்தவன்! டெய்லரே உருவித் தந்துருவான்.”

தெல்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். இத்தனை கல்யாணம் நடத்தியவனுக்கு அந்த நூலை யார் உருவினார்கள் என்றுகூடத் தெரியவில்லை! கைக்குட்டைப் பொட்டலம் கைப்பையிலேயே இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒருநாள் அவளுக்கு மனசு இளகியும் போனது. போய்த் தொலையட்டும், கொடுத்துவிடலாம் என்று எழுந்தாள். அலாரம் அவளை உட்கார வைத்தது.

கல்யாணத்தன்று மாதா கோயிலில் கூட்டம் நிரம்பியது. தெல்மாவுக்கு ஹாலில் நாற்காலி போடும் வேலை. அவள் எதிர்பார்த்தபடியே அவளைக் கூப்பிட ஆள் வந்தது. பாதிரியார் உடை மாற்றும் அறையில் சிஜோவின் சித்தி சேலை முனையை வைத்துக்கொண்டு குண்டூசியால் குடைந்துகொண்டிருந்தாள். இழை பொடிப்பொடியாக அறுந்து மடியில் கிடந்தது. சிஜோவுக்குக் கோட்டுக்குள் வியர்வை வழிந்தது. குரியச்சன் கையைப் பிசைந்தார்.

“கடையில சாதா நூல் வாங்கிக் கட்டிரலாமா?” என்றான் சிஜோ.

“வாயக் கழுவு! மந்திரகோடி நூல் இல்லாம மின்னு கட்டினா அது கல்யாணமாடா?” என்றாள் சித்தி.

குரியச்சன் தெல்மாவைப் பார்த்ததும் ஓடிவந்தார். “மோளே, நீதானே முன்னாடி எல்லாம் உருவுவே? ஏதாச்சும் வழி பண்ணு.”

தெல்மா கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். ஏழு இழையும் முறுக்கியபடி பளபளத்தது. சிஜோ கையை நீட்டினான். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இதை நான் சேலை வந்த அன்னிக்கே உருவிட்டேன், சிஜோ. மறக்கல. ஒருநாள்கூட மறக்கல. அந்த அமெரிக்காப் பொண்ணோட செருப்பு எங்க போச்சுன்னு குரியச்சன் அச்சாயன்கிட்ட சொல்லு. சொல்லிட்டு வாங்கிக்கோ.”

“சேச்சி, இதுவா நேரம்? உள்ள பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க!”

“எனக்கு நேரத்தைப் பத்தித் தெரியாது. மறை கழண்டவ இல்லையா நான்?”

“அப்படியெல்லாம் எதுவும்...”

“அப்ப சரி, நான் நாற்காலி போடப் போறேன்.” அவள் நிஜமாகவே திரும்பி நடந்தாள்.

“நில்லுங்க!” சிஜோவின் குரல் கீச்சிட்டது. “நான்தான். நான்தான் எடுத்து என் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சேன். போதுமா?”

“கண்ணாடி? சாவி?”

“எல்லாம் நான்தான். சும்மா தமாஷுக்கு சேச்சி. நீங்க தேடுறதைப் பாக்க எங்களுக்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். நூலைக் குடுங்க!”

குரியச்சனின் முகம் செத்துப்போனது. அந்த முகத்தைப் பார்க்கத் தெல்மாவுக்குத் தித்தித்தது. பரிதாபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இரண்டு வருஷமாகத் தலையை உலுக்கி உலுக்கித் தேடிய ஒவ்வொரு சாமானும் தானே நடந்து வந்து அவள் முன்னால் நின்ற மாதிரி இருந்தது. என் தலை சரியாகத்தான் இருந்தது என்று கத்த வேண்டும் போலிருந்தது. வந்த காரியம் முடிந்தது என்று நூலை நீட்டினாள்.

அப்போதுதான் வாசலில் ரின்ஸி நிற்பதைக் கண்டாள். கோயில் பதிவேட்டில் கையெழுத்துப் போட அப்பாவோடு வந்தவள், எப்போதிலிருந்து நிற்கிறாளோ தெரியவில்லை. அவள் பார்வை சிஜோமேலேயே இருந்தது.

“அப்ப என் மோதிரம்?” என்றாள்.

சிஜோ திரும்பினான். “எந்த மோதிரம்?”

“நிச்சயதார்த்த மோதிரம். கை கழுவக் கழட்டி வச்சது. அன்னிக்கு நீ எங்க வீட்ல இருந்தே. நானும் அம்மாவும் சாக்கடைய முழுக்கத் தோண்டிப் பாத்தோம். இப்பவே இவ்வளவு மறதியா, நாளைக்குப் பிள்ளையையும் எங்கயாச்சும் விட்டுட்டு வருவியான்னு உங்க வீட்ல எல்லாரும் சிரிச்சீங்க. நான் ராத்திரியெல்லாம் தூங்கல, சிஜோ. எனக்கென்னவோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்.”

“ரின்ஸி, அது... கல்யாணம் முடிஞ்சு ஒரு சர்ப்ரைஸாக் குடுக்கலாம்னு...”

“எங்க இருக்கு?”

“கார்ல.”

தெல்மா இவ்வளவை எதிர்பார்க்கவில்லை. அவள் கேட்டது ஒரு வாய் வார்த்தைதான். நீட்டிய கை அப்படியே நின்றது. ரின்ஸி வந்து அந்தக் கையை மெல்ல மூடி, நூலோடு சேர்த்து அழுத்தினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

“சேச்சி, இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

“அப்பச்சா, வண்டிய எடுங்க. நாம வீட்டுக்குப் போகலாம்.”