இருபத்து மூன்று பேர்

சொந்த ஊரிலிருந்து ஜோதியம்மாள் கிறிஸ்துமஸுக்கு வருவதாகக் கடிதம் போட்டபோதே ஜான்பீட்டர் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். வீட்டில் எல்லாருக்கும் சிக்குன்குனியா என்றிருந்தால் அந்த வருடம் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பொய் சொல்ல மனம் வரவில்லை என்று அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான். பெரிய பொய்யாகச் சொல்லி முடித்தவனுக்குச் சின்னப் பொய் சொல்ல நா கூசியது.

தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து அவன் மிஷன் ஊழியத்துக்கு வந்து ஐந்து வருடம். தேன்கனிக்கோட்டை போகும் வழியில் ஒரு கிராமம். பாதிப் பேர் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை, மீதிப் பேர் தக்காளித் தோட்டம். எல்லாரும் நல்லவர்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தைக் கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள். இயேசுவைப் பற்றிச் சொன்னால் சிரித்த முகத்தோடு தலையாட்டுவார்கள். ஞானஸ்நானம் மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. தலைமை அலுவலகமோ மாதம் தவறாமல் அறிக்கை கேட்டது. மற்ற ஊழியர்களின் அறிக்கைகளில் ஆத்துமாக்கள் பெருகிக்கொண்டே போக, இவனுடையதில் எழுதத் தக்காளி விளைச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

போன கிறிஸ்துமஸ் அன்று அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மட்டன் பிரியாணி போட்டான். சாப்பாட்டுக்கு முன் அவன் ஜெபம் பண்ணியபோது, கூப்பிட்டவருக்கு மரியாதை என்று எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு போட்டோ. ‘இந்த இருபத்து மூன்று பேரும் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள்’ என்று பெயர்களோடு எழுதி அனுப்பினான். தபாலில் சேர்ப்பதற்கு முன் கடிதத்தைப் படித்த மனைவி ஜெபசீலி, “இது நல்லாயில்லங்க” என்றாள். மிஷன் பத்திரிகையில் படம் வந்தது. அன்று முதல் பக்கத்து வீட்டுச் சாந்தம்மா குடத்தோடு வரும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு குறுகிப்போகும்.

இந்த வருடமும் இலை போட்டார்கள். சொந்த ஊரில் அவனுக்காக ஜெபக்குழு நடத்தும் ஜோதியம்மாளை அவள் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்ளும்படி ஜெபசீலியிடம் சொல்லியிருந்தான். அவள் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அந்த அம்மா நேராகப் போய்ச் சாந்தம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒன் பேரென்ன தாயி?”

“சாந்தம்மாங்க.”

ஜோதியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. பைபிளுக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்துப் படத்தைக் காட்டினார். “இந்தா, நீதான். கீழ ஒன் பேரு. எல்லாரும் ரட்சிக்கப்பட்டுட்டியன்னு தம்பி எழுதியிருந்துச்சு. ஒரு வருசமா தெனமும் ஒன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுதேன்.” பிறகு அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு, நோகாமல் கேட்டார்: “இன்னும் பொட்டு வைக்கியாம்மா?”

சாந்தம்மா படத்தைப் பார்த்தாள். பிரியாணித் தட்டோடு நின்ற ஜான்பீட்டரைப் பார்த்தாள். அவன் முகம் கெஞ்சியது, அது அவனுக்கே தெரிந்தது.

சாந்தம்மா முந்தானையால் குங்குமத்தைத் துடைத்தாள். எதிர்ப் பந்தியில் அவள் புருஷன் திம்மப்பன், நைட் ஷிப்ட் முடித்து வந்த கம்பெனிச் சட்டையோடு, உயிரோடு உட்கார்ந்திருந்தான்.

“மறந்துட்டேன்மா” என்றாள் சாந்தம்மா.

ஜான்பீட்டர் தட்டைக் கீழே வைத்தான்.

“அம்மா, அது நான் பொய்யா எழுதுனது” என்றான். “இவங்க யாரும் மாறல. சாப்பிடத்தான் வந்தாங்க. இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.”

ஜோதியம்மாள் பத்திரிகையை மெல்ல மடித்தார். “ஒரு வருசம், தம்பி” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. சாந்தம்மா தலையைத் தூக்கவில்லை.

திம்மப்பன்தான் பேசினான். அவன் குரலில் கோபம் இல்லை.

“சாரே, பேரு எழுதுனது போகட்டும். ஒண்ணு கேக்கறேன். போன வருசம் எங்களையெல்லாம் வீடு வீடா வந்து கூப்ட்டீங்க. பக்கத்துல நின்னு ஊட்டாத கொறையா சோறு போட்டீங்க. சொந்தக்காரங்க ஊருக்குப் போயி எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னேன். அது இதுக்குத்தானா?”

இல்லை என்று சொல்ல ஜான்பீட்டர் வாயெடுத்தான். அந்த ஒரு வார்த்தை போதும், திம்மப்பன் நம்பிவிடுவான். நம்பத் தயாராகத்தான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் போன வருடம் ஆட்டுக்குச் சொல்லி வைப்பதற்கு முன்பே ஜான்பீட்டர் ஓசூருக்கு பஸ் ஏறிப்போய்க் கேமராவை இரவல் வாங்கி வந்திருந்தான்.