கீழே கடை, மேலே நான்

எனக்குப் பொறுமை கம்மி. தெருவே சொல்லும். அப்படிப்பட்ட நான் ஒரு வாரமா வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்னா, காரணம் என் தம்பி.

எங்க தெருவுல எல்லா வீடும் ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம். அந்தக் காலத்துல வியாபாரத்துல பணம் பாத்தவங்க கட்டினது. இப்போ கீழே பூரா கடை, கண்ணாடி, பளபளப்பு. தலையைத் தூக்கிப் பாத்தாத்தான் சங்கதி தெரியும். மாடியெல்லாம் காலி, ஜன்னலுக்கு ஜன்னல் புறா. மாடிப்படி வாசலை ஒட்டியே இருக்கறதால கடையோட முகப்புல பாதியை அது முழுங்கிடும். அதனால ஒவ்வொருத்தரா படியைப் பிடுங்கிட்டாங்க. மாடி இருக்கு, ஏற வழியில்லை.

மிச்சம் எங்க வீடு ஒண்ணுதான். கீழே தம்பியோட செருப்புக்கடை. மேலே நானும் என் தையல் மிஷினும். துணியைத் தூக்கிக்கிட்டு நாலு பேர் அந்தப் படியேறி வந்தாத்தான் எனக்குச் சோறு.

போன வாரம் தச்சர் வந்து எங்க மரப்படியை அளந்தார். எதுக்குன்னு கேட்டேன்.

"எடுக்கப் போறோமே, உங்களுக்குத் தெரியாதாம்மா?"ன்னு திருதிருன்னு முழிச்சார்.

சரி, தம்பி மேலே வந்து சொல்லுவான்னு உக்காந்தேன்.

உக்காரவா முடிஞ்சுது? ஊசியில நூல் கோக்க முடியலை. ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வெச்சுத் தைச்சுட்டு, பிரிச்சுட்டு, மறுபடியும் அப்படியே தைச்சேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து கால் கடுத்துப்போச்சு. படியில சத்தம் கேட்டா எழுந்து நிப்பேன். யாராவது தைச்ச துணியை வாங்க வந்திருப்பாங்க. அவன் கீழே போன்ல சிரிக்கறது மட்டும் கணீர்னு கேக்கும். கூடப் பொறந்தவளைப் பாக்க ஒரு மாடி ஏற வலிக்குதாம்!

இன்னிக்குக் காலையில குளிச்சுட்டு வரேன், வீடே அதிருது. கதவைத் திறந்தா படி இல்லை. நேரா கீழே கடை தெரியுது. தூசிக்கு நடுவுல தம்பி, அவன் பொண்டாட்டி, தச்சர்.

"அக்கா, பாத்து! விழுந்துடாதே!"

"யாரைக் கேட்டுடா எடுத்தே?"

அவன் பொண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீ சொல்லலையா?"

"ஐயோ, உங்க அக்காகிட்ட நீங்க சொல்லியிருப்பீங்கன்னுல்ல இருந்தேன்!"

தச்சர் யாரையும் பாக்காம ஆணி பொறுக்க ஆரம்பிச்சார்.

"ஏணி கொண்டாறேன், எறங்கு"ன்னான் தம்பி.

"நான் எறங்கறேன். என்கிட்ட தைக்க வர்றவங்க? அவங்களும் ஏணியில ஏறணுமா?"

"கடை படுத்துடுச்சுக்கா. இவ்வளவு சின்ன வாசலைப் பாத்து எவனும் உள்ளே வர்றதில்லை. பின்னாடி ரூம்ல உனக்கு மிஷின் போட்டுத் தரேன்."

கோபத்துல எனக்குக் கண்ணு ரெண்டும் நெறைஞ்சுடுச்சு. "அதை மேலே வந்து சொல்ல உனக்கு என்னடா கேடு? வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எடுத்துக்கோடான்னு சொல்லியிருப்பேன். ஒரு வாரமா எனக்குள்ளேயே அதைத்தானே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்!"

அவன் தலை குனிஞ்சுது. சின்னப் பையன் குரல்ல, "இப்போ கேக்கறேன்கா. எடுத்துக்கட்டுமா?"ன்னான்.

"மறுபடி மாட்டு. ஏறி வா. அப்புறம் கேளு"ன்னு கதவைச் சாத்தினேன்.